பெயரும் ஆண்டும் இல்லாத பழங்காசுக்கு எப்படி வயது சொல்கிறார்கள்?

கேள்வி இதுதான்: இந்தியாவின் மிகப் பழைய காசுகளில் அரசன் பெயர் கிடையாது, ஆண்டும் கிடையாது. அப்படியிருக்க, இது கி.மு. 4ஆம் நூற்றாண்டு, இது மௌரியர் காலம் என்றெல்லாம் எதை வைத்துச் சொல்கிறார்கள்? மண்ணிலிருந்து கிடைக்கும் காசுகளால் வரலாற்றில் புதிதாக என்னதான் தெரிந்திருக்கிறது? அப்புறம், நம் ஊர்ப்பக்கம் அகப்படும் காசுகளுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

முதலில் நேரான பதில். காசின் வயதை அந்தக் காசு மட்டுமே சொல்லிவிடுவதில்லை. எந்தப் பானையில் இருந்தது, கூட வேறு எந்தக் காசுகள் இருந்தன, எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, எவ்வளவு தேய்ந்திருந்தது, யாராவது அதன்மேல் மறுபடி அச்சடித்தார்களா, உளியால் வெட்டினார்களா என்பதையெல்லாம் பார்த்துத்தான் சொல்கிறார்கள். சந்தையில் விலைக்கு வாங்கிய தனிக் காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வாளருக்குப் பாதி ஊமைதான்.

இனி விரிவாகப் பார்க்கலாம். நம்மிடம் இருப்பவற்றில் மிகப் பழையவை முத்திரை குத்திய வெள்ளிக்காசுகள். வெள்ளியைத் தகடாகத் தட்டி, துண்டு துண்டாக வெட்டி, எடை கூடினால் மூலையைக் கத்தரித்து, பிறகு சிறுசிறு முத்திரைகளை ஒவ்வொன்றாகக் குத்துவார்கள். அதனால்தான் ஒன்றைப்போல ஒன்று இருப்பதில்லை. சதுரம், செவ்வகம், மூலை போன ஐங்கோணம் என்று எல்லா வடிவமும் உண்டு. ஆனால் எடை மட்டும் ஒழுங்கு. பெரும்பாலும் 32 குன்றிமணி எடை, அதாவது ஏறக்குறைய 3.4 கிராம். நூல்கள் கார்ஷாபணம் என்று சொல்வது இதைத்தான். முன்பக்கம் ஐந்து முத்திரைகள்: சூரியன், ஆறு கைகள் கொண்ட ஒரு சின்னம், பிறை சூடிய மலை, யானை, எருது, வேலியிட்ட மரம் என இருநூறுக்கும் மேற்பட்ட சின்னங்களிலிருந்து ஐந்து. பின்பக்கம் காலியாக இருக்கும், அல்லது மிகச் சிறிய குறிகள் இருக்கும். எழுத்து என்று ஒன்றுமே இல்லை. கல்வெட்டுகளை நாடெங்கும் வெட்டிவைத்த அசோகரின் பெயர் பொறித்த காசு இன்றுவரை ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

இந்தச் சதுரக் காசுகள் புழங்கிய விதத்துக்குக் கல்லில் ஒரு சாட்சி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பார்ஹுத் ஸ்தூபியில், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் செதுக்கிய ஒரு வட்டச் சிற்பம். அனாதபிண்டிகர் என்ற வணிகர் புத்தருக்காக ஜேதவனத் தோப்பை வாங்குகிறார். நிலம் முழுவதையும் காசால் மூடினால் தருகிறேன் என்கிறான் உரிமையாளன். மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டி நிற்கிறது, ஆட்கள் காசைத் தரையில் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். பரப்பிய காசுகள் அத்தனையும் சதுரம். கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்குப் போனால் இதைப் பார்க்கலாம். சிற்பிக்குக் காசு என்றால் கட்டம் என்றுதான் தெரிந்திருக்கிறது.

சரி, வயதுக்கு வருவோம். இதில் பெரிய திருப்பம் 1924ல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள தட்சசீலத்தின் பீர் மேட்டில் வந்தது. ஜான் மார்ஷல் தலைமையில் தோண்டியபோது ஒரு புதையல் கிடைத்தது. அதில் முத்திரைக் காசுகள் மட்டும் 1,055. அவற்றோடு மூன்று கிரேக்கக் காசுகளும் இருந்தன. இரண்டு அலெக்சாண்டருடையவை, ஒன்று அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த பிலிப் அர்ஹிடாயஸுடையது. இந்தப் பிலிப் ஆண்டது கி.மு. 323 முதல் 317 வரை. காசு அதிகம் கைமாறாமல் புத்தம் புதிதாக இருந்தது. எனவே புதைத்தது 323க்கு முன்னால் இருக்க முடியாது, 317க்குப் பிறகு வெகுகாலம் கழித்தும் இருக்க வாய்ப்பில்லை. கூட இருந்த ஆயிரம் முத்திரைக் காசுகளுக்கும் ஒரே நாளில் வயது கிடைத்துவிட்டது: எல்லாமே அந்தக் காலத்திலோ அதற்கு முன்போ அடித்தவை. அந்தப் புதையலில் இல்லாத சின்ன வரிசைகள் பிந்தியவையாக இருக்கலாம் என்ற ஊகமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதே புதையலுக்குள் எது முந்தியது, எது பிந்தியது? இதற்கு வழி சொன்னவர் ஒரு கணித ஆசிரியர். புனேயில் பாடம் நடத்திக்கொண்டிருந்த டி.டி. கோசாம்பி. காசு கைமாறக் கைமாறத் தேயும், தேய்ந்தால் எடை குறையும், எல்லாக் காசும் ஒரே அளவு தேயாது என்பதால் எடைகளின் சிதறல் அகலும். அவர் சொன்னது இவ்வளவுதான். ஆனால் சொல்லிவிட்டு விடவில்லை. தன் காலத்தில் புழங்கிய காசுகளையே ஆயிரக்கணக்கில் எடைபோட்டு, ஆண்டுவாரியாகத் தேய்மானம் எப்படிப் போகிறது என்று முதலில் சரிபார்த்தார். பிறகு தட்சசீலக் காசுகளைத் தராசில் வைத்தார். பின்பக்கத்துச் சிறு குறிகள் எண்ணிக்கையில் கூடக் கூடச் சராசரி எடை குறைந்துகொண்டே போனது. அப்படியானால் அந்தக் குறிகள் காசு அடித்தபோது குத்தியவை அல்ல. புழக்கத்தில் இருந்த காலத்தில், இடைவெளி விட்டு யாரோ சோதித்துப் பார்த்து இட்டவை. வணிகக் குழுக்களா, அரசு அதிகாரிகளா என்பதில் விவாதம் இருக்கட்டும். அர்த்தசாஸ்திரம் காசுகளைச் சோதிக்க ரூபதர்சகர் என்ற அதிகாரியையும் அவர் வசூலிக்க வேண்டிய கட்டணங்களையும் குறிப்பிடுகிறது. எழுத்தே இல்லாத காசின் முதுகில் அதன் பயண வரலாறு இருக்கிறது என்று தராசை வைத்தே காட்டியது, என்னைக் கேட்டால், இந்திய நாணயவியலில் நடந்த மிக அழகான வேலை.

முதல் காசு எப்போது என்ற கேள்விக்கு இன்னும் சண்டை ஓயவில்லை. வேத நூல்களில் வரும் நிஷ்கம் என்ற சொல்லைக் காட்டி மிகப் பழமை பேசுவோர் உண்டு. அது கழுத்தணியாகவே பல இடங்களில் வருகிறது, அதைக் காசு என்று கொள்ள முடியாது. இலக்கண ஆசிரியர் பாணினி கார்ஷாபணத்தையும் சதமானம் என்ற காசையும் நன்றாக அறிந்திருக்கிறார், ஆனால் அவர் காலமே விவாதத்துக்குரியது. கையில் பிடிக்கக்கூடிய சான்று என்றால் காபூலில் 1933ல் கிடைத்த சமன்-இ-ஹசூரி புதையல். ஏதென்ஸின் ஆந்தைக் காசு உட்பட கிரேக்க நகரங்களின் வெள்ளி, பாரசீக அக்கமனியர் காசு, கூடவே இரு முனைகளிலும் முத்திரை குத்திய வளைந்த வெள்ளிப் பட்டைகள். இந்த வளைகாசுகள் சுமார் 11 கிராம் எடையுள்ளவை, காந்தாரப் பகுதிக்கே உரியவை. கிரேக்கக் காசுகளை வைத்துப் பார்த்தால் புதையல் ஏறக்குறைய கி.மு. 380ல் மண்ணுக்குள் போயிருக்கிறது. மேற்கிலிருந்து வந்த காசுகளைப் பார்த்துத்தான் இந்தியர் காசு அடிக்கத் தொடங்கினர் என்று ஜோ கிரிப் போன்ற நாணயவியலாளர்கள் இதைக் காட்டி வாதிடுகிறார்கள். கங்கைச் சமவெளியின் காசுகள் தனியே தோன்றியவை என்பது மறுதரப்பு. பாடநூல்களில் வரும் 'கி.மு. 6ஆம் நூற்றாண்டு' இந்தத் தரப்பின் கணக்கு. என் எண்ணத்தில், வடமேற்கில் மேலைநாட்டுக் காசுகளின் தொடர்பு தூண்டுதலாக இருந்திருக்கலாம். ஆனால் குன்றிமணி எடை, தகட்டை வெட்டும் முறை, ஒரே அச்சுக்குப் பதிலாகப் பல முத்திரைகளைக் குத்தும் பழக்கம் எல்லாம் இங்கேயே வளர்ந்தவை. 6ஆம் நூற்றாண்டு என்பதைவிட 5ஆம் நூற்றாண்டு என்றால் சான்றுக்கு நெருக்கமாக இருக்கும்.

தொடக்கத்தில் கோசலம், காசி, மகதம், அவந்தி என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி வகை இருந்தது. ஒரு வகை அதன் எல்லையைத் தாண்டிப் பெரிதாகக் கிடைப்பதில்லை. மகதம் பெருக்க, ஐந்து முத்திரைக் காசு மற்றவற்றை விழுங்கிக்கொண்டே பரவியது. ஆந்திரத்தின் அமராவதியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர்ப் புதையலில் ஆயிரத்துக்கும் மேல். போடிக் காசுகளின் பின்பக்கம் உள்ள மீன் போன்ற சின்னத்தைக் கண்டு, இவை பாண்டிய நாட்டிலேயே அடித்தவை என்பார்கள். கீழடியிலும் 2021ல் முத்திரைக் காசு ஒன்று கிடைத்தது. மௌரியர் தமிழகத்தை ஆண்டதாக இதற்குப் பொருள் இல்லை. காசு போகும் தூரத்துக்கு ஆட்சியும் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

காசு எப்படிச் செய்தார்கள் என்பதற்குக் கிடைத்த நல்ல சான்று ஒன்றைக் கண்டுபிடித்தவர் தொல்லியலாளரே அல்ல, தாவரப் புதைபடிவ அறிஞர் பீர்பால் சாஹ்னி. 1936ல் ஹரியானாவின் ரோத்தக் அருகே கோக்ரா கோட் என்ற மேட்டில் சுடுமண் துண்டுகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தார். யௌதேயர் என்ற மக்கள் குழுவின் காசுகளை வார்த்த அச்சுகள் அவை. வட்டத் தகடுகளாக மண்ணைத் தட்டி, அதில் காசுகளின் உருவைப் பதித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஓட்டை விட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றியிருக்கிறார்கள். ஓர் ஊற்றில் பல காசு. சாஹ்னி இதைப் பற்றி ஒரு முழு ஆய்வே எழுதி 1945ல் வெளியிட்டார். யௌதேயருக்கு அரசர் கிடையாது, கணமாக ஆண்டவர்கள். காசிலும் தனி அரசன் பெயர் இல்லாமல் குழுவின் பெயர்தான் இருக்கிறது. தட்சசீலத்தில் 'நெகம' என்று பொறித்த காசுகளும் உண்டு, அவை வணிகர் அவையைக் குறிப்பவை. பழங்காலத்தில் காசு அடிக்கும் உரிமை அரசருக்கு மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இவற்றைப் பார்க்க வேண்டும்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பாக்திரியக் கிரேக்கர்கள் இந்துகுஷ் தாண்டி வந்ததும் காசின் தோற்றமே மாறுகிறது. அரசன் முகம், பெயர், பட்டம் எல்லாம் வந்துவிடுகின்றன. ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் பிராகிருதம். நமக்கு இது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? கம்பெனிப் படையிலிருந்து ஓடிப்போய், சார்லஸ் மேஸன் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானில் சுற்றிய ஒருவர், 1830களில் பெக்ராம் பகுதியில் பல்லாயிரம் காசுகளைச் சேகரித்தார். அப்படிச் சேர்ந்த இருமொழிக் காசுகள்தான் வடமேற்கில் வழங்கிய பழைய எழுத்தான கரோஷ்டியைப் படிக்கத் திறவுகோல். அகதோக்ளிஸ் என்ற கிரேக்க அரசனின் காசில் ஒருபக்கம் அசோகர் கல்வெட்டுகளின் எழுத்தான பிராமி இருந்ததால், கிரிஸ்டியன் லாஸன் 1836லேயே சில பிராமி எழுத்துகளைச் சரியாகப் படித்தார். அடுத்த ஆண்டு பிராமியை முழுமையாகப் படித்த ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தா நாணயச்சாலையில் உலோகம் சோதிக்கும் அதிகாரி. அசோகர் கல்வெட்டுகள் நமக்குப் புரிந்ததற்குப் பின்னால் இந்தக் காசுகளும் இருக்கின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட இந்தோ-கிரேக்க அரசர்களில் நூல்களில் பெயர் வருவது மிகச் சிலருக்குத்தான். மற்றவர்கள் வாழ்ந்ததற்கே காசுதான் ஆதாரம்.

1970ல் ஆமு தாரியா ஆற்றங்கரையிலுள்ள ஐ-கானூமில் பிரெஞ்சுக் குழு தோண்டியபோது ஒரே இடத்தில் 677 முத்திரைக் காசுகளும் அகதோக்ளிஸின் ஆறு வெள்ளிக்காசுகளும் கிடைத்தன. அந்த ஆறிலும் ஒருபக்கம் சக்கரமேந்திய வாசுதேவன், மறுபக்கம் கலப்பை ஏந்திய சங்கர்ஷணன். கிருஷ்ணன், பலராமன் உருவங்களில் காலம் உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழையவை இவையே என்று சொல்லலாம். அடித்தவனோ கிரேக்கன். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பக்கத்தில் இருந்த 677 காசுகள். அவற்றை அடித்து ஒரு நூற்றாண்டு தாண்டியும் மதிப்புக் குறையாமல் யாரோ பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். இது எல்லாக் காலக் கணிப்புக்கும் ஓர் எச்சரிக்கை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பிலும் இதே செய்தி வருகிறது. மினாந்தர், அப்பொலோடோட்டஸ் ஆகியோரின் பழைய காசுகள் பரூச் துறைமுகத்தில் இன்னும் செல்லுபடியாகின்றன என்கிறார். அந்த அரசர்கள் செத்து இருநூறு ஆண்டு ஆகியிருந்தது. ஆக, ஒரு மண்ணடுக்கில் கிடைத்த காசு, அந்த அடுக்கு இதற்கு முந்தியதல்ல என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு பிந்தியது என்று சொல்லாது. செய்தித்தாளில் அகழாய்வுச் செய்தி படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குஷாணர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விம கத்பிசஸ் தொடங்கிவைத்த 8 கிராம் பொற்காசும், கனிஷ்கர் காசில் கிரேக்க எழுத்தில் 'பொத்தோ' என்ற பெயரோடு நிற்கும் புத்தரும் எல்லாரும் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதது, பெயரே போடாமல் 'மகா மீட்பர்' என்ற பட்டத்தை மட்டும் பொறித்து ஏராளமாகக் கிடைக்கும் செப்புக்காசுகள். யார் இவர் என்று நெடுங்காலம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1993ல் ஆப்கானிஸ்தானின் ரபாதக்கில் கிடைத்த கல்வெட்டில் கனிஷ்கர் தன் முன்னோரை வரிசைப்படுத்தும்போது, அதுவரை தெளிவாகத் தெரியாதிருந்த விம தக்து என்ற பாட்டன் வெளிப்பட்டார். பெயரில்லாக் காசுகள் அவருடையவை என்பதே இன்று பலரும் ஏற்கும் முடிவு.

இனி எனக்கு மிகவும் பிடித்த புதையல். 1906ல் நாசிக் அருகே ஜோகல்தெம்பி என்ற ஊரில் கிடைத்தது. 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள், எல்லாம் நகபானன் என்ற சக சத்ரப மன்னனுடையவை. அவற்றில் 9,000க்கும் மேலானவற்றில் நகபானன் முகத்தின்மேலேயே வேறொரு அச்சு விழுந்திருக்கிறது. மலைச் சின்னமும் உஜ்ஜயினிச் சின்னமும் சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணியின் பெயரும். நாசிக் குகையில் கௌதமிபுத்திரனின் தாய் கௌதமி பாலஸ்ரீ வெட்டுவித்த கல்வெட்டு, மகன் க்ஷஹராத குலத்தை வேரறுத்தான் என்று புகழ்கிறது. நகபானன் அந்தக் குலம்தான். தாய் மகனைப் புகழ்வதில் மிகை இருக்கும் என்று ஒதுக்கிவிடலாம், ஆனால் ஒன்பதாயிரம் காசின்மேல் விழுந்த அச்சை ஒதுக்க முடியாது. தோற்றவனின் வெள்ளியை உருக்காமல், அவன் முகத்தின்மேலேயே தன் பெயரை அடித்துப் புழக்கத்தில் விட்டிருக்கிறான். இதில் சிக்கனமும் உண்டு, செருக்கும் உண்டு. மறு அச்சு விழாத மீதி நாலாயிரம் காசும் அதே புதையலில் இருப்பதால், இரண்டும் ஒரே நேரத்தில் செல்லுபடியாகியிருக்கின்றன என்றும் தெரிகிறது.

அதே நாசிக் குகைகளில் நகபானனின் மருமகன் உஷவதாதன் வெட்டுவித்த கல்வெட்டு இன்னொரு பக்கத்தைத் திறந்துவிடுகிறது. பிக்குகளின் செலவுக்காக 3,000 கார்ஷாபணங்களை நெசவாளர் சங்கங்களிடம் முதலீடு செய்கிறான். 2,000க்கு மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி, 1,000க்கு முக்கால். முதல் தொகையைத் தொடக்கூடாது, வட்டியை மட்டும் செலவழிக்க வேண்டும். ஒரு பொற்காசுக்கு 35 வெள்ளி என்ற மாற்று விகிதமும் அங்கேயே இருக்கிறது. காசுகள் எந்த அளவுக்குக் கணக்கு வழக்கில் ஊறியிருந்தன என்பதைக் காட்ட இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியவில்லை.

சாதவாகனர் பேச்சு வந்ததால் நமக்கு நெருக்கமான ஒன்று. அவர்களின் வெள்ளிக்காசில் ஒருபக்கம் அரசன் முகமும் பிராகிருத வாசகமும் இருக்கும். மறுபக்கம் அதே செய்தி தென்மொழி ஒன்றில் இருக்கும். வாசிட்டிபுத்திர சாதகர்ணியின் காசில் அந்தப் பக்கத்தில் 'மகன்' என்ற சொல்லும் 'திரு' என்ற அடைமொழியும் தெளிவாகவே இருக்கின்றன. இது தமிழா, அன்றைய தெலுங்கு நாட்டுப் பேச்சு வழக்கா என்று அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தமிழ் என்று அடித்துச் சொல்வோரை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் சொல்வடிவங்களில் நம் தமிழோடு ஒட்டாதவையும் இருக்கின்றன. வட்டார மக்கள் படிக்கும் மொழியில் காசில் எழுத வேண்டும் என்று ஓர் அரசு நினைத்திருக்கிறது. அதில் மட்டும் ஐயமில்லை.

நம் ஊர்ப்பக்கம் வருவோம். முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை, கரூர் என்று வரும் பாதை நெடுக ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. அகஸ்டஸ், திபேரியஸ் இருவரின் வெள்ளிக்காசுகள்தான் மிக அதிகம். கி.பி. 64ல் நீரோ வெள்ளிக்காசின் எடையையும் தரத்தையும் குறைத்த பிறகு அடித்தவை இங்கே குறைவு. நம் வணிகர்கள் கையில் வாங்கும்போதே தரம் பார்த்திருக்கிறார்கள், பழைய காசாகக் கொடு என்று கேட்டிருக்கிறார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அப்படியானால் திபேரியஸ் காசு நிறைந்த பானை அவர் காலத்திலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று இல்லை. நீரோவுக்குப் பின்னும் பழைய காசாகப் பொறுக்கிக் கப்பலில் ஏற்றியிருக்கலாம்.

புதுக்கோட்டை கருக்காக்குறிச்சியில் 1898ல் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. ஏன்? உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்தார்கள் என்பது ஒரு விளக்கம். ஆனால் சோதிப்பதற்கு ஓரத்தில் வெட்டினால் போதுமே, முகத்தில் எதற்கு? இனி இது காசாகச் செல்லாது, வெறும் பொன்னாக எடைபோட்டுத்தான் கொடுக்கல் வாங்கல் என்று காட்டவே முகத்தை வெட்டினார்கள் என்ற விளக்கம் எனக்கு அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) இந்தியாவுக்குப் போகிறது என்று ரோமில் பிளினி என்ற எழுத்தாளர் புலம்பினார். இங்கே அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் யவனர் கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று பாடினார். இரண்டு சொல்லுக்கும் நடுவே கருக்காக்குறிச்சிப் பானை உட்கார்ந்திருக்கிறது.

சங்ககாலத் தமிழ் அரசர்கள் காசே அடிக்கவில்லை என்றுதான் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்வரை பலரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1980களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 'பெருவழுதி' என்று தமிழ்பிராமியில் பொறித்த பாண்டியர் செப்புக்காசை வெளியிட்ட பிறகு அந்தப் பேச்சு நின்றது. அடுத்து கரூர் அமராவதி ஆற்று மணலிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை என்ற சேரர் பெயர்கள் வந்தன. மாக்கோதை வெள்ளிக்காசில் உள்ள முகம் ரோமானியக் காசைப் பார்த்துச் செய்தது என்பது பார்த்தவுடனே தெரியும். ஆனால் இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை ஆற்று மணலைச் சலித்தவர்களிடமிருந்தும் பழம்பொருள் வாங்கி விற்பவர்களிடமிருந்தும் வந்தவை. மண்ணடுக்கு கிடையாது, கூட இருந்த பொருளும் தெரியாது. அதனால் எழுத்தின் வடிவை வைத்துத்தான் வயது கணிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்பிராமியின் காலமே விவாதத்தில் இருக்கும்போது காசின் காலமும் கூடவே ஆடுகிறது. தட்சசீலத்தில் ஒரு பிலிப் காசு செய்த வேலையை நமக்குச் செய்ய, முறையான அகழாய்வுக் குழியில் ஒரு மாக்கோதை, பக்கத்தில் ஒரு ரோமானியக் காசோடு கிடைத்தால் போதும்.

குப்தர் பொற்காசுகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். வீணை வாசிக்கும் சமுத்திரகுப்தர், புலியைக் கொல்பவர், அசுவமேதக் குதிரை. 1946ல் ராஜஸ்தானின் பயானா அருகே கிடைத்த புதையலிலிருந்து மட்டும் 1,821 பொற்காசுகள் மீட்கப்பட்டன. 'பொற்காலம்' என்று அவற்றை வைத்துச் சொல்லுமுன், அதே காலத்தில் வந்த சீனப் பயணி பாஹியான் மக்கள் வாங்க விற்கச் சோழிகளைப் பயன்படுத்தினர் என்று எழுதியதையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

கடைசியாக, உங்கள் ஊரில் காசு கிடைத்தால் என்ன செய்வது? புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்காதீர்கள். செப்புக்காசின் பச்சைப் படலத்தோடு எழுத்தும் சேர்ந்து போய்விடும். கிடைத்த இடத்தைக் குறித்துவையுங்கள், எவ்வளவு ஆழம், பானையா துணிமுடிச்சா, பக்கத்தில் ஓடு மணி ஏதாவது இருந்ததா என்று படம் எடுத்துவையுங்கள். பானையோடு கிடைத்தால் பானை ஓட்டையும் தூக்கிப் போடாதீர்கள். இந்தியப் புதையல் சட்டம் 1878ல் வந்தது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது மண்ணுக்குள் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இன்றும் விதி. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். காசைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். முத்திரைக் காசுகளை முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், பின்பக்கம் தெரியும்படி வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.